ஓடிக் களைத்தவருக்கு ஒரு தம்ளர் சாக்லெட் பால்!

விடிவதற்கு முன்னால் எழுந்து, கான்வாஸ் ஜோட்டை மாட்டிக்கொண்டு, பூங்காவை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வீடு திரும்புகிறீர்கள். நெற்றி வேர்த்திருக்கிறது, கால் கெஞ்சுகிறது. "அப்பாடா!" என்று கூடத்து நாற்காலியில் சாய்கிற சமயம் பார்த்து, கல்லூரியில் படிக்கும் உங்கள் பெண் கைபேசியை நீட்டிக்கொண்டு ஓடி வருகிறாள்.

"அம்மா, இதைப் பாரேன்! தேகப்பயிற்சி செய்தவுடன் ஒரு தம்ளர் சாக்லெட் பால் குடிக்க வேண்டுமாம். களைப்பெல்லாம் பறந்துவிடுமாம். உடம்புகூட இளைக்குமாம்!"

காதுக்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது! இத்தனை நாளும் உடம்பு இளைக்க வழி சொன்னவர்கள் என்ன சொன்னார்கள்? கொள்ளுக் கஞ்சி குடி என்றார்கள். பாகற்காயைப் பிழிந்து குடி என்றார்கள். வெறும் வயிற்றில் வெந்நீர் குடி என்றார்கள். ஒருவராவது நாக்குக்கு இதமாக ஒரு வார்த்தை சொன்னதுண்டா? இப்போது, கரும்பு தின்னக் கூலியும் கொடுக்கிறேன் என்று ஒருவர் வந்து நின்றால், யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ஆனால், அம்மணி, சற்றுப் பொறுங்கள். சமையலறைப் பக்கம் போவதற்கு முன்னால், இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்துவிடலாம். இது வெறும் வதந்தியல்ல. இதற்குப் பின்னால் மெய்யாகவே ஆராய்ச்சி இருக்கிறது. அந்த ஆராய்ச்சி யாரை வைத்து நடந்தது, யார் பணத்தில் நடந்தது என்று தெரிந்துகொண்டால், அந்தத் தம்ளர் உங்களுக்காக வைத்ததா, வேறு யாருக்காவது வைத்ததா என்பது விளங்கிவிடும்.

அமெரிக்காவில் இண்டியானா சர்வகலாசாலை என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஜோயல் ஸ்டேகர் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் ஒன்பது பேரைப் பொறுக்கி எடுத்தார்கள். ஒன்பது பேரும் ஆண்கள். ஒன்பது பேரும் தினமும் நெடுந்தூரம் சைக்கிள் மிதித்துப் பழகிய வீரர்கள். இவர்களைச் சைக்கிளில் ஏற்றி, வேகமாக மிதி, மெதுவாக மிதி, மறுபடி வேகமாக மிதி என்று மாற்றி மாற்றி விரட்டி, தசைகளில் இருந்த சக்தியையெல்லாம் வற்றடித்தார்கள். இறங்கியவுடன் ஒரு பானம். இரண்டு மணி நேரம் கழித்து அதே பானம் இன்னொரு முறை. மொத்தம் நாலு மணி நேரம் ஓய்வு. பிறகு மறுபடியும் சைக்கிள்! இந்தத் தடவை, "இனி ஒரு மிதிகூட முடியாது" என்று சோர்ந்துபோகிற வரையில் மிதிக்க வேண்டும்.

ஒரு வாரம் சாக்லெட் பால், ஒரு வாரம் கடைகளில் விற்கும் 'கேட்டரேடு' என்ற உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர், ஒரு வாரம் விளையாட்டுக்காரர்களுக்கென்றே தயாரான ஒரு விலை உயர்ந்த பொடியைக் கரைத்த பானம் என்று முறை வைத்துக் கொடுத்தார்கள். 2006-ல் முடிவு பிரசுரமாயிற்று. சாக்லெட் பால் குடித்த வாரத்தில், அந்த விலை உயர்ந்த பொடியைக் குடித்த வாரத்தைவிட ஏறக்குறைய பாதி நேரம் கூடுதலாகவே மிதித்தார்களாம்!

பத்திரிகைகள் சும்மா இருக்குமா? "பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குடிக்கும் பால், பந்தயக்காரர்களின் அமிர்தம்!" என்கிற தோரணையில் செய்தி உலகமெங்கும் பரவிற்று. ஆனால் அதே ஆராய்ச்சியில் இன்னொரு விஷயமும் இருந்தது. கேட்டரேடு குடித்த வாரத்திலும் அவர்கள் சாக்லெட் பால் வாரத்துக்குச் சமமாகவே மிதித்திருந்தார்கள். அந்தத் தண்ணீரில் கலோரி பாலைவிட எவ்வளவோ குறைவு. புரதச் சத்தோ கிடையவே கிடையாது. அப்படியானால் தோற்றது அந்தப் பொடி. வென்றது சாக்லெட் பால் மாத்திரம் அல்ல. இந்தச் சங்கதியை யாரும் கொட்டை எழுத்தில் போடவில்லை. ஆராய்ச்சிக்கு ஆன செலவில் ஒரு பகுதியைக் கொடுத்தது பால் வியாபாரத்தை வளர்ப்பதற்கென்று ஏற்பட்ட ஒரு சங்கம் என்பதையும் கட்டுரையின் அடியில்தான் பார்க்க முடிந்தது.

அதற்காக ஆராய்ச்சி பொய் என்று சொல்லிவிட முடியாது. பணம் கொடுத்தது யாராக இருந்தாலும், சைக்கிள் மிதித்த கால் பொய் சொல்லாது. விஷயத்தில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைக் கேளுங்கள்.

நம் தசைகளுக்குள்ளேயும் கல்லீரலிலும் 'கிளைகோஜன்' என்ற ஒரு வகை மாவுச் சத்து சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. சாதாரண மனிதருக்கு இரண்டு இடத்திலுமாகச் சேர்ந்து அரைக் கிலோவுக்குள் இருக்கும். நிதானமாக நடக்கும்போது உடம்பு இதை அதிகம் தொடுவதில்லை. கொழுப்பையும் சேர்த்து எரித்துக்கொண்டு சமாளிக்கிறது. வேகமாக ஓடினாலோ, மலைப்பாதையில் சைக்கிள் மிதித்தாலோ, இந்தக் கையிருப்புத்தான் கரைகிறது. இரண்டு மணி நேரம் விடாமல் உழைத்தால் டப்பா காலி! மறுபடி நிரப்ப மாவுச் சத்தோ சர்க்கரையோ வேண்டும். உழைத்து முடித்த அடுத்த சில மணி நேரங்களில் தசை அதை ஆவலோடு வாங்கிக்கொள்கிறது. கூடவே, உழைப்பில் தேய்ந்த தசை நார்களைச் செப்பனிடப் புரதச் சத்தும் தேவை. வேர்வையில் போன தண்ணீரும் உப்பும் திரும்பி வர வேண்டும்.

இப்போது ஒரு தம்ளர் சாக்லெட் பாலைப் பாருங்கள். அமெரிக்கக் கணக்குப்படி ஒரு கோப்பை என்பது சுமார் 240 மில்லி. கொழுப்புக் குறைந்த பாலில் செய்ததானால், அதில் 8 கிராம் புரதம்; 25 கிராம் அளவில் சர்க்கரை. இந்தச் சர்க்கரையில் பாதி பாலிலேயே இயற்கையாக இருப்பது. மீதிப் பாதி நாம் போடுவது. ஒரு பங்கு புரதத்துக்கு மூன்று பங்கு மாவுச் சத்து என்ற இந்தக் கணக்கைத்தான் பந்தயக்காரர்களின் பயிற்சியாளர்கள் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். பால் புரதத்திலும் ஒரு விசேஷம் உண்டு. ஐந்தில் நாலு பங்கு மெதுவாக ஜீரணமாகும் 'கேசின்'. ஒரு பங்கு சீக்கிரம் ரத்தத்தில் சேரும் 'வே' புரதம், அதாவது பால் திரிந்தால் மேலே தெளிந்து நிற்கிறதே, அந்தத் தண்ணீரில் இருப்பது. பன்னீர் செய்யும்போது அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளலாம். அதே சரக்கை உலர்த்திப் பொடியாக்கி, டப்பாவில் அடைத்து, கட்டுமஸ்தான ஒருவர் படத்தை ஒட்டி ஆயிரக்கணக்கில் ரூபாய் வாங்குகிறார்கள்!

தாகம் தீர்ப்பதிலும் பாலுக்கு ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. 2007-ல் இங்கிலாந்தில் லஃப்பரோ சர்வகலாசாலையில் பதினோரு பேரை வேர்க்க வைத்து, இழந்த தண்ணீரைப் போல் ஒன்றரைப் பங்கு குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் தண்ணீரையும் விளையாட்டுப் பானத்தையும் குடித்தவர்களுக்கு அதில் பெரும் பகுதி சில மணி நேரத்தில் சிறுநீராய்ப் போய்விட்டது. கொழுப்பு எடுத்த பால் மட்டும் உடம்பிலேயே தங்கிற்று. பாலில் உள்ள உப்புக்களும் புரதமும் அதை வயிற்றிலிருந்து மெதுவாக இறங்கும்படி செய்வதுதான் காரணம். இந்தப் பாலில் சாக்லெட் கிடையாது என்பதைக் கவனித்தீர்களா?

ஆக, களைப்பைப் போக்குவது பால். சாக்லெட் என்ன செய்கிறது? கொக்கோவைவிட அதோடு சேர்ந்து வருகிற சர்க்கரைதான் காரியம் செய்கிறது. கொக்கோ, பாலை ஆசையோடு குடிக்க வைக்கிறது, அவ்வளவே. அதில் இருக்கும் காபீனும் ஒரு தம்ளருக்குச் சில மில்லிகிராம்தான். உங்கள் காலைக் காபிக்கு முன்னால் அது கால் தூசு பெறாது.

பாலையும் சாக்லெட்டையும் சேர்த்து வைத்தியமாக்கியது இந்தக் காலத்து வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஹான்ஸ் ஸ்லோன் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவர் சேர்த்து வைத்த அபூர்வப் பொருள்களிலிருந்துதான் 1753-ல் பிரிட்டிஷ் மியூசியமே பிறந்தது. அவர் 1687-ல் ஜமைக்காவுக்குப் போனபோது, அங்கே ஜனங்கள் குடித்த கொக்கோ அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். பாலைச் சேர்த்துக் குடித்துப் பார்த்தார். பிடித்துப்போயிற்று. அவருக்கு முன்னாலேயே பாலில் கலந்து குடித்தவர்கள் உண்டு என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள், இருக்கட்டும். லண்டன் மருந்துக் கடைக்காரர்கள் "டாக்டர் ஸ்லோன் சாக்லெட்" என்று அவர் பெயரைப் போட்டு மருந்தாகவே விற்றார்கள். பிற்பாடு காட்பரி சகோதரர்களும் அதே பெயரைச் சொல்லி விற்றார்கள். சாக்லெட் பாலுக்கு ஒரு டாக்டரைச் சாட்சிக்கு அழைப்பது முந்நூறு வருஷத்துப் பழக்கம்!

இனி, உங்கள் பெண் சொன்ன இரண்டாவது சங்கதிக்கு வருவோம். உடம்பு இளைக்குமா?

இதற்கும் ஓர் ஆராய்ச்சியைக் காட்டுகிறார்கள். டெக்ஸாஸ் சர்வகலாசாலையில் ஜான் ஐவி என்பவருடைய கோஷ்டி, 32 பேரை நாலரை வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், தினம் ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிக்க வைத்தது. ஒரு பகுதியாருக்குச் சாக்லெட் பால். ஒரு பகுதியாருக்கு அதே கலோரி உள்ள சர்க்கரைப் பானம். மூன்றாவது பகுதியாருக்குக் கலோரியே இல்லாத வேஷப் பானம். 2011-ல் வெளிவந்த முடிவில், சாக்லெட் பால் கோஷ்டியாருக்குப் பிராணவாயுவை உபயோகிக்கும் திறன் மற்றவர்களைவிட அதிகமாக வளர்ந்திருந்தது. தசை கூடிக் கொழுப்புக் குறைகிற கணக்கிலும் சர்க்கரைப் பானக்காரர்களைவிட இவர்கள் மேலாக இருந்தார்கள். "சாக்லெட் பால் குடித்தால் இளைக்கலாம்" என்ற பேச்சுக்கு இதுதான் பெரிய ஆதாரம். இதற்கும் பால்காரர்களின் சங்கங்கள் பணம் கொடுத்திருந்தன என்று சொல்லவும் வேண்டுமா?

ஆனால் கவனியுங்கள். இவர்கள் இளைத்தது பாலைக் குடித்ததாலா? வாரத்துக்கு ஐந்து மணி நேரம் வியர்க்க வியர்க்க மிதித்ததாலா? பால் செய்தது, உழைப்பின் பலன் தசையாகச் சேர உதவியது மட்டும்தான். உழைப்பைக் கழித்துவிட்டுப் பாலை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன மிஞ்சும்? கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். வீட்டுக் கணக்கில் உங்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

60 கிலோ எடையுள்ள ஒரு பெண்மணி அரை மணி நேரம் சுறுசுறுப்பாக நடந்தால் சுமார் 120, 130 கலோரி செலவாகும். நடுவில் நின்று, அடுத்த தெருக் கல்யாண விஷயம் பேசிய நேரத்தை இதில் சேர்க்கக் கூடாது! ஒரு கோப்பை சாக்லெட் பாலில் சுமார் 180 கலோரி இருக்கும். கொழுப்பு எடுக்காத பாலானால் 200-ஐத் தாண்டும். வரவு 180, செலவு 130. தினமும் ஐம்பது கலோரி கையிருப்பு ஏறுகிறது. ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7700 கலோரி. வேறு ஆகாரத்தில் ஒன்றும் குறைக்காமல், நடந்ததற்குப் பரிசாக இந்தத் தம்ளரையும் சேர்த்துக்கொண்டே போனால், ஐந்தாறு மாதத்தில் ஒரு கிலோ கூடுவதற்குத்தான் வழி. நடந்தும் கூடுகிறதே என்று மனம் நொந்து, நடையையே நிறுத்திவிடுகிறவர்கள் எத்தனை பேர்! உண்மையில் அவர்களை ஏமாற்றியது நடை அல்ல. நடைக்குப் பிறகு வந்த தம்ளர்.

அந்தச் சைக்கிள் வீரர்களின் கதை வேறு. அவர்கள் ஒரு மணி நேரத்தில் அறுநூறு, எழுநூறு கலோரியை ஊதித் தள்ளுகிறவர்கள். நாலு மணி நேரத்தில் மறுபடி மிதிக்க வேண்டியவர்கள். ஆகவே அவர்களுக்கு அவசரம். உங்களுக்கு அடுத்த நடை நாளைக் காலையில்தானே? அதற்குள் காலைப் பலகாரம், மத்தியானச் சாப்பாடு, மாலைச் சிற்றுண்டி, இரவுச் சாப்பாடு எல்லாம் ஆகிவிடும். கிளைகோஜன் டப்பாவை நிரப்ப நம் வீட்டு இட்லியும் சாம்பார் சாதமும் போதாதா, என்ன?

இவ்வளவு சொன்னதால், "பாலே வேண்டாம், ஒன்றுமே வேண்டாம், வெறும் வயிற்றோடு பதினொரு மணி வரை இருந்துவிடுகிறேன்" என்று கிளம்பிவிடாதீர்கள். நம் வீட்டுப் பெண்கள் செய்கிற பெரிய பிசகு இதுதான். இளைக்க வேண்டும் என்ற ஆவலில் நடையைக் கூட்டுவார்கள், ஆகாரத்தைக் குறைப்பார்கள்; குறைக்கும்போது முதலில் போவது பாலும் பருப்புமாக இருக்கும். சாதமும் காபிச் சர்க்கரையும் அப்படியே இருக்கும். முப்பது வயதுக்கு மேல் பயிற்சியில்லாத உடம்பில் பத்து வருஷத்துக்கு நூற்றில் மூன்று முதல் எட்டுப் பங்கு வரை தசை தேய்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பும் வேகமாகத் தேய்கிறது. இந்த நிலையில் புரதத்தையும் குறைத்தால், எடை இயந்திரத்தின் முள் இறங்கும். ஆனால் இறங்கியதில் கொழுப்போடு தசையும் போயிருக்கும். மாடிப்படி ஏறும்போதும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும் அது தெரிந்துவிடும்.

இந்த இடத்தில்தான் கனடாவில் நடந்த ஓர் ஆராய்ச்சியை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஏனென்றால் அது பெண்களை வைத்தே நடந்தது. மக்மாஸ்டர் சர்வகலாசாலையில் இருபது இளம் பெண்களைப் பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், பளு தூக்கும் பயிற்சி செய்யச் சொன்னார்கள். பயிற்சி முடிந்தவுடனும், ஒரு மணி நேரம் கழித்தும் பாதிப் பேருக்குத் தலைக்கு அரை லிட்டர் கொழுப்பு எடுத்த பால். மற்றவர்களுக்கு அதே கலோரி உள்ள சர்க்கரைப் பானம். சாக்லெட் இல்லை, கொக்கோ இல்லை, வெறும் பால். 2010-ல் முடிவு வந்தது. பால் குடித்தவர்களுக்குக் கொழுப்பு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. தசை ஏறக்குறைய இரண்டு கிலோ கூடியிருந்தது. சர்க்கரைப் பானம் குடித்தவர்களுக்குத் தசை ஒரு கிலோ அளவே கூடிற்று. கொழுப்புக் குறையவே இல்லை.

அப்படியானால் பால் குடித்த பெண்களின் எடை? இறங்கவில்லை! முள் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. கொழுப்புப் போன இடத்தில் தசை வந்து உட்கார்ந்துகொண்டுவிட்டது. இந்தப் பெண்கள் வீட்டில் எடை இயந்திரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், "மூன்று மாதம் பாடுபட்டது வீண்" என்று அழுதிருப்பார்கள். ரவிக்கை தைக்கிற தையற்காரரிடம் போயிருந்தால் அவருடைய நாடா உண்மையைச் சொல்லியிருக்கும்.

சாக்லெட் பால் விஷயத்தில் ஆராய்ச்சியாளர்களின் அபிப்பிராயம் இன்று எங்கே நிற்கிறது? 2019-ல் ஐரோப்பிய போஷாக்குப் பத்திரிகை ஒன்றில், அதுவரை நடந்த ஒரு டஜன் பரிசோதனைகளை ஒன்றாக வைத்து அலசிப் பார்த்தார்கள். கடினப் பயிற்சிக்குப் பிறகு களைப்புத் தீர்ப்பதில் சாக்லெட் பால் மற்றப் பானங்களுக்குச் சளைத்ததல்ல. சில விதங்களில் சற்று மேலாகவும் இருக்கலாம். ஆனால் நல்ல ஆராய்ச்சிகள் குறைவாக இருப்பதால் அடித்துச் சொல்ல முடியாது என்றார்கள். நிதானமான தீர்ப்பு. நிதானமான தீர்ப்பை யார் விளம்பரத்தில் போடுகிறார்கள்?

விளம்பர ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2015 டிசம்பரில் அமெரிக்காவில் மேரிலாண்ட் சர்வகலாசாலை ஓர் அறிக்கை விட்டது. குறிப்பிட்ட ஒரு கம்பெனியின் சாக்லெட் பாலைக் குடித்த பள்ளிக்கூடக் கால்பந்துப் பிள்ளைகளுக்கு, தலையில் அடிபட்ட பிறகும் மூளை நன்றாக வேலை செய்ததாம்! எந்த விஞ்ஞானப் பத்திரிகையிலும் பிரசுரமாகாத ஆராய்ச்சி அது. நாலு பேர் கேள்வி கேட்டார்கள். சர்வகலாசாலையே விசாரணை வைத்தது. அறிக்கையில் கண்டபடி எந்த முடிவுக்கும் வர ஆதாரம் போதாது என்று 2016-ல் தெரியவந்தது. வாங்கிய பணம் சுமார் 2,28,000 டாலரைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடிபட்ட தலைக்குப் பால் மருந்து என்று நம்பிப் பிள்ளையை மறுபடி மைதானத்துக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

அமெரிக்கர்களைப் பற்றி இன்னொன்றும் கேள்விப்பட்டேன். 2017-ல் அங்குள்ள பால் சங்கத்தார் எடுத்த கணக்கில், நூறு பேரில் ஏழு பேர் சாக்லெட் பால் பழுப்பு நிறப் பசுவிடமிருந்து கிடைக்கிறது என்று நினைத்தார்களாம்! வேடிக்கைக்காகவே அப்படிப் பதில் சொல்லியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போகட்டும்.

அங்கேயே தாய்மார்களுக்குள் இதில் ஒரு சண்டை உண்டு. பள்ளிக்கூடங்களில் பகல் உணவோடு சாக்லெட் பால் கொடுப்பது அங்கே வழக்கம். 2011-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பள்ளிக்கூடங்கள், சர்க்கரை அதிகம் என்று அதை நிறுத்தின. குழந்தைகள் வெறும் பாலைத் தொடாமல் அப்படியே குப்பையில் போட்டார்கள். சர்க்கரையோடு பால் போவது நல்லதா, சர்க்கரையும் வேண்டாம் பாலும் வேண்டாம் என்று போவது நல்லதா? பிள்ளை வளர்க்கிற எந்தத் தாய்க்கும் இந்தத் தர்மசங்கடம் புரியும். சில வருஷம் கழித்து அதே நகரத்தில் மறுபடி பரீட்சார்த்தமாகக் கொண்டுவந்தார்கள்.

நம் ஊரில் இந்தப் பானம் பாட்டிலில் வருவதைவிட டப்பாப் பொடியாக வருவதுதான் அதிகம். இரண்டு தலைமுறையாக நம் குழந்தைகள் அதைக் கரைத்துக் குடித்துத்தான் பரீட்சைக்குப் போகிறார்கள். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா போன்ற பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பின் கீழ் விற்கக் கூடாது என்று இணையக் கடைகளுக்குச் சொல்லிவிட்டது. பானம் கெடுதல் என்று அதற்கு அர்த்தமில்லை. நமது உணவுச் சட்டத்தில் 'ஆரோக்கிய பானம்' என்று ஒரு வகையே கிடையாது என்பதுதான் சங்கதி. டப்பாவின் முன்பக்கத்தில் ஓடுகிற பையனைப் பார்க்காதீர்கள். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பாருங்கள். 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' எவ்வளவு என்று போட்டிருக்கும். இயற்கையாகப் பாலிலும் பழத்திலும் இருப்பதை விட்டு, மேலாகச் சேரும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ல் சொன்ன யோசனை. காலைக் காபியிலும் மாலைக் காபியிலும் அதில் எவ்வளவு தீர்ந்துவிடுகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, அந்தத் தம்ளர் யாருக்குத்தான் நல்லது என்று கேட்கிறீர்களா? தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீந்துகிற பையன், பூப்பந்தும் கபடியும் ஆடிவிட்டு வந்து முகம் வாடி நிற்கும் பெண், மராத்தான் ஓட்டத்துக்குப் பழகும் உங்கள் தம்பி இவர்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள். முக்கியமாக, விளையாடி முடித்தவுடன் "பசியே இல்லை, அம்மா" என்று சொல்லி எதையும் மெல்ல மறுக்கிற பிள்ளைகளுக்கு இது கைகண்ட உபாயம். மெல்ல மாட்டேன் என்கிற வாய் குடிக்க மாட்டேன் என்பதில்லை. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று பயிற்சி உள்ள நாட்களில் இதன் பலன் நன்றாகத் தெரியும்.

உங்களுக்கு? அரை மணி நடைக்குத் தண்ணீர் போதும். அதன் பிறகு வருகிற காலைப் பலகாரத்தில் பருப்போ, சுண்டலோ, முட்டையோ, ஒரு தம்ளர் பாலோ இருக்கட்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும் என்பது நம் நாட்டு போஷாக்கு நிபுணர்களின் கணக்கு. இரண்டு இட்லியும் தேங்காய்ச் சட்டினியும் அந்தக் கணக்கை அதிக தூரம் நகர்த்தாது. நடையோடு வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஏதாவது பளுவைத் தூக்கி இறக்கிப் பயிற்சி செய்கிறவரானால், அன்றைக்கு அந்தக் கனடாப் பெண்களைப் போல் பாலைக் குடியுங்கள். மாலைக் காபிக்குப் பதிலாகச் சாக்லெட் பாலே வேண்டும் என்று ஆசையாக இருக்கிறதா? அதுவும் சரிதான், காபிக்குப் பதிலாகத்தான், காபியோடு கூட அல்ல!

சர்க்கரை வியாதிக்காரர்கள் இதைத் தங்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. பால் குடித்தால் வயிறு பொருமுகிறது, கடமுட என்கிறது என்பவர்கள் நம்மில் பலர் உண்டு. வளர்ந்த பிறகு பால் சர்க்கரையை ஜீரணிக்கும் சக்தி குறைந்துபோவதுதான் காரணம், அது வியாதியல்ல. அவர்களுக்குத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

வீட்டில் செய்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 200 மில்லி 'டோண்டு' பாலில் 120 கலோரியும் 6 கிராம் புரதமும் இருக்கும். ஒரு தேக்கரண்டி இனிப்பில்லாத கொக்கோப் பொடி, ஒரு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்தால் மொத்தம் 150 கலோரிக்குள் அடங்கிவிடும். விளையாடும் பிள்ளைக்கானால் இரண்டு மூன்று தேக்கரண்டி சர்க்கரை போடலாம். ஒரு வாழைப்பழமும் பக்கத்தில் வைக்கலாம். கொக்கோவை நேரே சூடான பாலில் கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும். எத்தனை ஆற்றினாலும் கரையாது. தம்ளரில் முதலில் கொக்கோவையும் சர்க்கரையையும் போட்டு, இரண்டு கரண்டி வெந்நீர் விட்டு, சந்தனம் போலக் குழைத்துக்கொள்ளுங்கள். பிறகு காய்ச்சின பாலைச் சிறிது சிறிதாக விட்டு நன்றாக ஆற்றுங்கள். ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தால் கொக்கோவின் கசப்பு அடங்கி, சர்க்கரை குறைவாகப் போட்டது வீட்டில் யாருக்கும் தெரியாது.